கிடாய்க்குட்டிகளுக்கு இடம் பார்த்தவர்

ஆட்டுக்குட்டிக்கு இடம் பார்க்கப் பட்டுக்கரை வேட்டி உடுத்திப் புறப்படும் மனிதரை என் வாழ்நாளில் அவர் ஒருவரைத்தான் கண்டேன். வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தார். அரசின் உயர்பதவி ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரைப் பற்றி இந்நகரில் இதுவரை எழுதப்பட்டவை எல்லாம் பாராட்டுகளே. பெயரைச் சொன்னால் இதையும் அவற்றுள் ஒன்றாக யாரேனும் சேர்த்துவிடக் கூடும்.

முதலில் நல்ல நாள் பார்ப்பார். பிறகு பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்புக் கதலிப்பழம். தாம்பாளத்தை அவரே ஏந்தி வருவார். குட்டியை அவர் ஏந்தியதில்லை. புதிய துண்டில் பொதிந்து, கழுத்தில் சிறு மணி கட்டிய குட்டியை அவருடைய ஓட்டுநர் இரண்டடி பின்னால் தூக்கி வருவார். அந்த ஓட்டுநரின் சட்டை எப்போதும் குட்டியின் சிறுநீரால் நனைந்திருக்கும். இவருடைய வேட்டியில் ஒரு மடிப்புக்கூடக் கலைந்திராது. கூடத்தில் அமர்ந்து, நீர் அருந்தி, எல்லாருடைய நலமும் கேட்டு முடித்தபின், பிள்ளைக்குப் பெண் தேடும் தந்தையின் குழைவோடு தொடங்குவார்.

"பையனுக்கு ஒரு எடம் பாத்துட்டு வாறேன், அண்ணாச்சி. நம்ம ஆளுகளா இருந்தா கொள்ளாம்னு ஒரு நெனப்பு."

அந்தப் பையன் கீழக்கரிசல் என்னும் செம்மறி இனத்தைச் சேர்ந்தவன். தென்பாண்டிக் கரிசல் மண்ணுக்கு உரிய இனம் அது. செம்பழுப்பு மேனி, மை பூசினாற்போன்ற வயிறு, கீழ்த்தாடையில் ஒரு கருங்கோடு. காணக் காணத் தெவிட்டாத அழகு. பிற இனங்களோடு கலந்து கலந்து தூய வழி அருகிவிட்டது என்று அறிந்த இவர், பணியில் இருந்த காலத்திலேயே சில ஆடுகளைத் தேர்ந்து வாங்கி வந்து, வித்துராவில், பொன்முடிக்கு ஏறும் சாலையை ஒட்டிய தம் தோட்டத்தில் தொழுவம் அமைத்தார். அருகிவரும் இனத்தைக் காப்பவர் என்று அவருக்குப் பொன்னாடைகள் வந்து குவிந்தன.

பெட்டைக்குட்டி பிறந்தால் மந்தை பெருகும். கிடாய்க்குட்டி பிறந்தால் தொல்லை. ஒரு மந்தைக்கு இனம் பெருக்கும் பொலிகிடாய் ஒன்றிரண்டு போதும். ஆடு வளர்ப்போர் இதற்கு ஒளிவுமறைவில்லாத வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். இறைச்சிக்கு விற்றுவிடுவார்கள். இவரோ சைவர். தம் தொழுவத்தில் பிறந்த எந்த உயிரும் கத்திக்குப் போனதில்லை என்று மேடைதோறும் முழங்கியவர். ஆகவே ஆண்டுதோறும் பிறந்த கிடாய்க்குட்டிகளுக்கெல்லாம் அவர் இடம் பார்த்தார்.

எந்த இடமும் ஆகிவிடாது. மரக்கறி மட்டும் சமைக்கும் வீடாக இருத்தல் வேண்டும். விழிஞ்ஞத்தில் துறைமுகப் பணிகளுக்குச் சரக்குந்து விடும் ஒருவர், வேலியடைத்த தென்னந்தோப்பும் சில ஆடுகளும் உடையவர், தாமே தேடி வந்து குட்டிகள் கேட்டார். நான் அப்போது உடன் இருந்தேன். இவர் புன்னகையோடு மறுத்து வழியனுப்பிவிட்டு, அம்மனிதர் அமர்ந்திருந்த நாற்காலியில் மீன் வாடை அடிப்பதாகச் சொல்லி, வேலைக்காரப் பெண்ணை அழைத்து அதைக் கழுவச் செய்தார். நான் அந்த நாற்காலியின் அருகிலேயே அமர்ந்திருந்தேன். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. தோப்பு உடையவருக்குக் குட்டி இல்லை என்றாயிற்று. பின்கட்டில் துணி உலர்த்தவே இடம் போதாத எங்கள் தெரு வீடுகளுக்குக் குட்டிகள் வந்தன.

தாம்பாளம் கைமாறிய பிறகு ஒரு சடங்கு உண்டு. வீட்டுத் தலைவி பூசையறை விளக்கின் முன் நின்று, இந்த உயிரைக் கத்திக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆடவர் சொன்னால் ஏற்க மாட்டார். அடுக்களைக்கு உடையவள்தான் சொல்ல வேண்டும் என்பார். அவள் சொல்லும்போது கண்களை மூடி, இசை கேட்பவர்போலத் தலையை மெல்ல அசைத்துக் கேட்பார். அந்த நொடியில் குட்டியோடு வேறொன்றும் கைமாறிற்று என்பதை நான் அறியப் பல மாதங்கள் ஆயின. அதன்பின் அக்கிடாய்க்கு என்ன நேர்ந்தாலும் பழி அவளுடையது. பிறக்கச் செய்தவருக்கு அதில் பங்கில்லை.

என் மனைவியும் சொன்னாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகும் இயல்பு அவளுக்குக் கிடையாது.

குட்டிகளுக்குத் தூய தமிழ்ப் பெயர் வேண்டுமென்று தமிழ்ப் பேராசிரியனாக இருந்த என்னிடம்தான் கேட்டுப் பெறுவார். எங்களிடம் வந்த குட்டிக்கு வழுதி என்று பெயர். பாண்டிய மன்னரின் பெயரைச் சுமந்துகொண்டு அது எங்கள் பின்கட்டில், வாழைக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் இடையில் குடியேறியது.

கொடுத்தபின் எந்தக் குட்டியைப் பற்றியும் அவர் ஒரு சொல் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வருவார், காப்பி அருந்துவார். பின்கட்டிலிருந்து வழுதி கத்துவது கேட்கும். பேச்சை நிறுத்திக் காத்திருந்து, கத்தல் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வந்து பாருங்களேன் என்று ஒருமுறை என் மனைவி அழைத்தாள். "வேண்டாம் மைனி. பாத்தா மனசு தாங்காது" என்றார். மனம் தாங்காதவர் அப்போது இரண்டாவது முறுக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை எங்கள் இருவரையும் வித்துராவுக்கு அழைத்துச் சென்றார். ஓயாத மழை. வறண்ட கரிசலில் நாளெல்லாம் நடந்து மேய வேண்டிய உயிர்கள் தகரக் கூரையின் கீழ், மண்ணில் கால் பாவாமல், பலகைத் தளத்தின்மேல் நெருங்கி நின்றன. ஈரத்தால் குளம்பிடுக்குகள் அழுகியிருந்தன. நாற்றத்தை மறைக்கத் தூணுக்குத் தூண் ஊதுவத்தி செருகியிருந்தார்கள். அந்த மணமும் அழுகலும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. நிற்க இயலாத சில ஆடுகள் முன்கால்களை மடித்து, முழந்தாளிட்டுத் தீனி தின்றன. உடன் வந்திருந்த விருந்தினர்களிடம் அவற்றைச் சுட்டிக்காட்டி, "என்னா ஒரு வணக்கம் பாத்தியளா" என்றார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று அங்கே இலை போட்டு விருந்து. என் மனைவி வயிறு சரியில்லை என்று சொல்லி வண்டியிலேயே அமர்ந்திருந்தாள்.

வழுதி வளர்ந்தது. செம்மறி தனித்து வாழும் உயிரன்று; கூட்டத்தில் உடலோடு உடல் உரசிக்கொண்டிருப்பதே அதற்கு வாழ்வு. எங்கள் சுவர்களுக்கு நடுவில் நின்று அது தன் இனத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தெருவில் வேறு மூன்று வீடுகளிலும் அவ்வாண்டு குட்டிகள் வந்திருந்தன. தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று மறுகுரல் கொடுத்தன. பிறகு ஒவ்வொரு குரலாக நின்றது. கேட்டபோது மூன்று வீட்டாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே விடை சொன்னார்கள்: கயிறு அவிழ்ந்து தானே போய்விட்டது. தேடவில்லையா என்றேன். கடைசி வீட்டு அம்மையார், துருவிக்கொண்டிருந்த தேங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல், எங்கே போய்த் தேடுவது என்றார்.

மறுகுரல் இல்லாமற்போகவே வழுதியின் கத்தல் மிகுந்தது. பக்கத்து வீட்டில் பக்கவாதத்தில் கிடந்த முதியவர் உறக்கமின்றித் தவிப்பதாக அவர் மகன் வந்து சொன்னான். சினந்து சொல்லியிருந்தால் நாங்களும் சினந்திருப்போம். அவன் மன்னிப்புக் கேட்பவன்போலச் சொன்னான். அந்த மாதத்துக்குள் ஏதேனும் செய்வதாகச் சொல்லி அனுப்பினோம்.

நான் குட்டி கொடுத்தவரிடம் போனேன். வழுதியைத் தொழுவத்துக்கே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டேன். நகரத்தில் வளர்ந்தது நோய் கொண்டுவரும் என்றார். தனியே கட்டிவையுங்கள் என்றேன். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது தம் குடும்பத்தில் வழக்கமில்லை என்றார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, வாற சனிக்கிழமை சாயங்காலம் கயித்தைக் கொஞ்சம் லூசாக் கெட்டுங்க. பின்வாசலைச் சாத்தாண்டாம். ஒரு பெட்டி ஆட்டோ அந்த வழியா வரும்."

"வந்து?"

"வந்து என்ன, அது அதும்பாட்டுக்குப் போயிரும். மைனி எடுத்துக் கொடுக்கலியே. சொன்ன சொல்லு சொன்னபடி நிக்கும்."

"எங்கே போகும்?"

"அதை நாம எதுக்கு விசாரிக்கணும்?"

சனிக்கு மறுநாள் ஞாயிறு, நகரமெங்கும் இறைச்சிக் கடைகளின்முன் மக்கள் வரிசை நிற்கும் நாள் என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். அவர் முகத்தில் கூச்சத்தின் நிழல்கூட இல்லை. நல்லதொரு மருத்துவரின் முகவரியைத் தெரிவித்தவர்போல நிறைவோடு இருந்தார். எழுந்தபோது என் கையைப் பற்றிக் குலுக்கினார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை நான் கழுவினேன்.

என் மனைவி கீரை ஆய்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்பம் அந்த மூணு வீட்டுக்கும் இதையாக்கும் சொல்லிக் கொடுத்திருக்காரு."

"ஆம்."

"நான் அவருகிட்டயா சொன்னேன்? வெளக்குகிட்டல்லா சொன்னேன். அவரு விட்டுத் தந்தா எனக்கென்ன."

கீரைக் காம்புகளை வழுதிக்குப் போட்டுவிட்டு வந்து, ஆட்டுக்கு ஆடு இருக்கிற இடம்தான் இடம், அதன் சொந்த மண்ணில் யாரேனும் வைத்திருக்க மாட்டார்களா என்று கேட்டாள். அவ்வளவு எளிய வினா எனக்குத் தோன்றவில்லை. அத்தனை பொன்னாடைகளை ஏற்றவருக்கும் தோன்றவில்லை என்றே அப்போது எண்ணினேன். கோவில்பட்டியில் ஆசிரியராக இருந்த என் பழைய மாணவர் வழியாக ஓர் ஆட்டுக்காரரைக் கண்டறிந்தோம். தம் மந்தை கலந்துபோய்விட்டதென்றும், கீழக்கரிசல் கிடாய் ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதாகவும் அவர் சொன்னாராம். நாங்கள் ஒரு சிறு சரக்குந்தை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து காற்றாலைகள் தொடங்கியதும் வழுதி மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தது. கத்துவதை நிறுத்திற்று.

வழுதியைக் கண்டதும் ஆட்டுக்காரர் கையிலிருந்த கம்பைத் தரையில் போட்டுவிட்டார். அதன் வயிற்றின் கருமையையும் தாடைக் கோட்டையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அவருடைய கை அதன் பின்னங்கால்களின் இடையே சென்றது. அங்கேயே நின்றது.

"தாயி, இதுக்குக் காயடிச்சிருக்கே."

எங்களுக்கு விளங்கவில்லை. குட்டிப் பருவத்திலேயே இடுக்கி வைத்து விதைநரம்பை நசுக்கிவிட்டால் காயமோ தழும்போ தெரியாது என்றும், இனி அது எந்தப் பெட்டையோடும் சேர்ந்து குட்டி ஈனச் செய்யாது என்றும் விளக்கினார். கொம்பு தடிக்காமல் இருந்ததைக் கண்டபோதே தமக்கு ஐயம் தோன்றியது என்றார்.

"வித்துராவுக்கு நானே போனேன் தாயி. ஒத்தக் கிடாய்க்குட்டி தாங்க, என்ன கேட்டாலும் தாறேன்னு சொன்னேன். கேட்டுக்கு உள்ளயே விடல."

குட்டி ஈனச் செய்யாவிட்டாலும் மந்தையோடு இதை வைத்துக்கொள்வீர்களா என்று என் மனைவி கேட்டாள். அவர் கீழே போட்ட கம்பை எடுத்துக்கொண்டார்.

"வச்சுக்கிடுதேன். ஆனா வீட்டுல ஒரு கஷ்டம் வந்தா மொதல்ல இவனத்தான் கறிக்கு விப்பேன். பொய் சொல்லி வாங்க மாட்டேன்."

இத்தனை மாதங்களில் இந்தக் கிடாயைப் பற்றி எங்களிடம் உண்மை பேசிய முதல் மனிதர் அவர். என் மனைவி அவர் கையைத் தொட்டுக் கும்பிட்டு, விளக்கின்முன் சொன்ன சொல் இருப்பதால் விட்டுச்செல்ல இயலாது என்றாள். வழுதியைச் சிறிது நேரம் மந்தைக்குள் விடும்படி கேட்டுக்கொண்டாள். அது அந்த ஆடுகளின் நடுவில் புகுந்து, முகத்தை அவற்றின் விலாக்களில் புதைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. பிறகு மூன்று பேர் சேர்ந்து இழுத்துத்தான் அதை வண்டியில் ஏற்ற முடிந்தது.

ஊர் திரும்பியதும் அன்று மாலையே குட்டி கொடுத்தவரின் வீட்டுக்குப் போனேன். காயடித்தது உண்மையா என்றேன். உண்மைதான், கொடுப்பதற்கு முன் எல்லாக் குட்டிகளுக்கும் ஓட்டுநரைக் கொண்டு செய்வதுதான், வீட்டில் வளர்வது முட்டாமல் அமைதியாக இருக்க வேண்டுமல்லவா என்றார். ஆட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். நினைவுகூர்ந்து சிரித்தார்.

"அவனுக்குக் கொடுத்தா நாலஞ்சு வருஷத்துல அந்தக் காடு பூரா இந்த ரத்தம் ஓடும், அண்ணாச்சி. ஊரெல்லாம் கெடச்சா, பிறகு எங்கிட்ட இருக்கதுக்கு என்ன மதிப்பு?"

சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

அவருடைய உறவினர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஒரு நற்பணியில் நேர்ந்த சிறு குறைகளை ஊதிப் பெருக்குகிறேன் என்பார்கள். அது உண்மையன்று. ஓர் இனம் அழிந்துவிடக் கூடாது என்று மேடையில் கண்கலங்கியவர், அது பெருகிவிடவும் கூடாது என்று தொழுவத்தின் பின்புறத்தில் ஒவ்வோர் ஆண்குட்டியின் வழியையும் நசுக்கினார். நசுக்கிய குட்டிகளை வளர்த்துக் கொழுக்க வைக்கும் வேலையை மரக்கறி உண்ணும் பெண்களுக்குக் கொடுத்தார். கொழுத்தபின் அவற்றின் முடிவுக்கு வழி சொல்லிக் கொடுத்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் வேட்டி வெள்ளையாகவே இருந்தது. கொலைத் தொழில் செய்பவர்களைக் கண்டு எனக்கு அருவருப்பு வந்ததில்லை. இவரைக் கண்டு வந்தது.

வழுதியின் கத்தலுக்கு முடிவு வேறு விதமாக வந்தது. துணி வைக்கும் பழைய நிலைப்பேழை ஒன்றின், முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த கதவு கழன்றுபோக, அதைப் பின்கட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள் என் மனைவி. வழுதி அதன்முன் சென்று நின்றது. உள்ளே ஒரு கிடாய். கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாய் மூடி நின்றது. அன்று முதல் அந்தக் கண்ணாடியை விட்டு அது அகலவில்லை. தின்னும்போதும் படுக்கும்போதும் அதன் அருகில்தான். பக்கத்து வீட்டு முதியவர் உறங்கினார். நாங்கள் பின்கட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு பெருமழைக் காலத்தில் வித்துராத் தொழுவத்தில் அழுகலோடு காய்ச்சலும் பரவி மந்தை முழுவதும் மடிந்தது. மீண்டும் தொடங்குவதற்கு அவர் காத்த வழியைச் சேர்ந்த பொலிகிடாய் ஒன்றுகூட வெளியில் எங்கும் இல்லை. இல்லாமற்செய்தவர் அவரே. இரங்கல் கூட்டங்கள் நடந்தன. அவற்றில் அவர் அழுதார். உண்மையாகவே அழுதார் என்று கேள்விப்பட்டேன்.

அதன்பின்தான் அவர் முதன்முறையாக எங்கள் பின்கட்டுக்கு வந்தார், படம் எடுப்பவர் ஒருவரோடு. கண்ணாடியில் முகம் ஒட்டி நின்ற வழுதியைப் பல கோணங்களில் எடுத்துக்கொண்டு போனார்கள். தம் உரைகளில் அப்படத்தைக் காட்டி, இடம் தேடிக் கொடுத்த கிடாய்கள் எல்லாம் இப்படித்தான் தம் அழகைத் தாமே பார்த்துக்கொண்டு வாழ்ந்தன என்று சொன்னாராம். காணாமற்போன அத்தனை கிடாய்களுக்கும் எங்கள் வீட்டுக் கிடாய் சான்று ஆயிற்று. என் மனைவி காத்த சொல் அவரைக் கழுவித் துடைத்துவிட்டது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் தானே அறிந்தாள். அறிந்த பிறகும் நாள்தோறும் அதற்குக் கீரை நறுக்கினாள்.

வழுதி மூப்படைந்து, பற்கள் உதிர்ந்து, ஒரு காலைப் பொழுதில் இறந்தது. வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, வாழைக்கு அருகிலேயே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். யார் சொன்னார்களோ, மண் உலரும் முன்பே அவர் வந்துவிட்டார். பின்னால் ஓட்டுநர், ஓட்டுநரின் கையில் மடித்த தார்ப்பாய்.

"தோலுக்கு ஒண்ணும் கேடு வரலியே, மைனி?" என்று கேட்டார்.

என் மனைவி காலில் மண்ணோடு நின்றுகொண்டிருந்தாள். அவரே விளக்கினார். அந்த வழியில் இதுதான் கடைசி. உடலைப் பாடம் செய்து, உயிரோடு நிற்பதுபோலக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஏற்பாடு ஆகிவிட்டது. பெட்டியின்மேல் எங்கள் குடும்பத்தின் பெயரும் இருக்கும். கீழே பொறிக்க நான் நான்கு வரி எழுதித் தர வேண்டும், நல்ல தமிழில்.

அவள் சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து வந்து அவர்முன் நீட்டினாள்.

"மூடியாச்சு தம்பி. வேணும்னா நீங்களே தோண்டி எடுத்துக்கிடுங்க."

அவர் மண்வெட்டியைப் பார்த்தார். அதன் பிடியில் ஈரமண் அப்பியிருந்தது. திரும்பி ஓட்டுநரைப் பார்த்தார்.

ஓட்டுநர் தார்ப்பாயைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.